கைப்பையில் காபித்தூள், டீத்தூள்: முதல் தடவை விமானம் ஏறுகிறவர்களுக்கு

சென்னை விமான நிலையத்தில் செக்-இன் கவுண்டருக்குப் பக்கத்தில் எப்போது போனாலும் இரண்டு மூன்று குடும்பம் பெட்டியைத் தரையில் விரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கும். எடை கூடிவிட்டது, எதையாவது எடுத்தாக வேண்டும். துணியை எடுக்க மனசு வராது, ஊறுகாயைக் கையில் கொண்டுபோக விடமாட்டார்கள், முறுக்கை எடுத்தால் நொறுங்கும், கடைசியில் அந்த ஒரு கிலோ காபித்தூள்தான் கைப்பைக்கு இடம் மாறும்.

என் முதல் பயணத்திலும் அதுதான் நடந்தது. அம்மா தூளைப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடைத்து, வாய்க்குப் பாலித்தீன் சுற்றி, ரப்பர் பேண்ட் இரண்டு போட்டு, எறும்புகூட நுழைய முடியாதபடி கட்டிக் கொடுத்திருந்தார். பாதுகாப்புச் சோதனையில் எல்லோர் பையும் நேராகப் போக, என்னுடையது மட்டும் தனியாக ஒதுங்கியது. "இது என்ன?" காபித்தூள். "அப்படியென்றால் ஏன் இந்தப் பாட்டிலில் இருக்கிறது?" இதற்கு என்ன பதில் சொல்வது? எங்கள் வீட்டில் உளுந்தம்பருப்பு முதல் ஊசி நூல் வரை எல்லாமே ஹார்லிக்ஸ் பாட்டிலில்தான் இருக்கும் என்றா? மூடியைத் திறந்து, ஒரு சின்னத் துணித்துண்டால் பாட்டிலைத் துடைத்து, அந்தத் துண்டை இயந்திரத்தில் வைத்துப் பார்த்து, பத்து நிமிஷம் கழித்து விட்டுவிட்டார்கள். பை முழுக்கத் தூள் சிந்தியதுதான் நஷ்டம்.

விட்டுவிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். காபித்தூள், டீத்தூள் இரண்டுக்கும் கைப்பையில் தடை கிடையாது. தகராறு வருவதெல்லாம் நாம் கட்டிக்கொண்டு போகிற விதத்தில்தான்.

இரண்டு சோதனை, இரண்டு கேள்வி

புதிதாகப் போகிறவர்கள் குழப்பிக்கொள்வது இங்கேதான். ஏறும்போது ஒருவர் பையைச் சோதிக்கிறார், இறங்கும்போது இன்னொருவர் சோதிக்கிறார். ஏறும் இடத்தில் இருப்பவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: இது வெடிக்குமா, எரியுமா? இறங்கும் இடத்தில் இருப்பவருக்கு அந்தக் கவலை இல்லை. இதிலிருந்து பூச்சியோ பயிர் நோயோ மாட்டு நோயோ தன் நாட்டுக்குள் வருமா என்பதுதான் அவர் கேள்வி. ஒருவர் விட்டதை இன்னொருவர் பிடுங்கிக்கொள்ளலாம், அதில் முரண்பாடு எதுவும் இல்லை. "சென்னையில் ஒன்றும் சொல்லவில்லையே" என்று சிட்னியில் போய் வாதாடிப் பயனில்லை.

முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

பெட்டி கட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி நான்கு குவியலாகப் பிரியுங்கள்.

உலர்ந்தவை ஒரு குவியல்: வறுத்த காபிக்கொட்டை, அரைத்த தூள், இன்ஸ்டன்ட் காபி, டீத்தூள், டீ பேக். இவற்றில் தொல்லை குறைவு.

ஈரமானவை அடுத்தது. டிக்காஷன், பாட்டில் கோல்டு காபி, எசன்ஸ் மாதிரி காய்ச்சிய டீ எல்லாமே திரவம்தான். 2006 ஆகஸ்டில் லண்டனிலிருந்து கிளம்பும் விமானங்களைத் தகர்க்கத் திட்டமிட்ட ஒரு சதி பிடிபட்டது, அதிலிருந்துதான் இந்த 100 மில்லி விதி வந்தது. வெளிநாட்டு விமானம் என்றால் ஒவ்வொரு புட்டியும் 100 மில்லிக்குள், எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் பிடிக்கிற ஒரே ஒரு தெளிவான ஜிப் கவருக்குள். இதில் பலர் சறுக்குகிற இடம் ஒன்று: கணக்கு புட்டியின் கொள்ளளவுக்கு, உள்ளே இருக்கிற அளவுக்கு இல்லை. 250 மில்லி பாட்டிலின் அடியில் இரண்டு ஸ்பூன் டிக்காஷன் இருந்தாலும் அது 250 மில்லி பாட்டில்தான். பிரிட்டனில் சில விமான நிலையங்கள் புது ஸ்கேனர் வைத்து இந்த விதியைத் தளர்த்தியிருக்கின்றன, ஆனால் நடுவில் விமானம் மாறும் ஊரில் பழைய விதி இருந்தால் அங்கே மாட்டிக்கொள்வீர்கள்.

எனக்குத் தெரிந்த பெரியப்பா ஒருவர் ஃபிளாஸ்க் நிறையக் கள்ளிச்சொட்டு மாதிரி டிக்காஷன் எடுத்துக்கொண்டு போனார். கொட்டச் சொன்னார்கள். கொட்ட மனசில்லாமல் ஓரமாக நின்று அரை ஃபிளாஸ்க்கைப் பாலில்லாமல், சர்க்கரை இல்லாமல் குடித்துத் தீர்த்தார். துபாய் வரை மனுஷன் கண்ணை மூடவில்லை.

மூன்றாவது குவியல், பால்பொடி கலந்தவை: சுடுதண்ணீர் ஊற்றினால் போதும் என்கிற டீ மிக்ஸ், காபி மிக்ஸ் பாக்கெட்டுகள். இவை ஏறும்போது பிரச்சினை தராது, இறங்கும்போது தரலாம்.

நான்காவது, வீட்டுச் சரக்கு. சுக்குமல்லிப் பொடி, உலர்த்திய ஆவாரம்பூ, செம்பருத்தி, துளசி, பாட்டி இடித்துக் கொடுத்த கஷாயப் பொடி. பெயரும் தெரியாது, லேபிளும் கிடையாது, சோதிக்கிறவர் பார்வையில் அது ஒரு மர்மப் பொட்டலம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் இந்தக் குவியலை அப்படியே வீட்டில் விட்டுவிடுங்கள். மற்ற நாடுகளுக்கும் செக்-இன் பெட்டியில் கொஞ்சமாக வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

எங்கே போகிறீர்கள், எங்கே மாறுகிறீர்கள்

2017 ஜூலையில் சிட்னியிலிருந்து கிளம்பும் ஒரு விமானத்தைத் தகர்க்கும் சதி முறியடிக்கப்பட்டது. அதற்குப் பிறகு பொடிகளின் மேல் எல்லோருக்கும் கண் விழுந்தது. 2018 ஜூன் 30 முதல் அமெரிக்கா செல்லும் விமானங்களில் 350 மில்லிக்கு மேற்பட்ட பொடியைக் கைப்பையில் வைத்தால் கூடுதல் சோதனை உண்டு. அது என்னவென்று அங்கே தெளிவாகவில்லை என்றால் கேபினுக்குள் விடமாட்டார்கள்.

350 மில்லி என்பது எடை இல்லை, கொள்ளளவு. காபித்தூள் லேசானது, 350 மில்லி பாத்திரத்தில் ஏறக்குறைய 150 கிராம்தான் பிடிக்கும். ஆக, 100 கிராம் பாக்கெட் கவலையில்லை, கால் கிலோ பாக்கெட் கோட்டைத் தாண்டிவிடும். சந்தேகமாக இருந்தால் வீட்டில் அளந்து பாருங்கள், நம் காபி டம்ளரில் இரண்டு டம்ளர் சொச்சம்.

இந்தச் சோதனை நடப்பது அமெரிக்காவுக்குக் கிளம்பும் கடைசி விமான நிலையத்தில். நீங்கள் சென்னையிலிருந்து தோஹா போய், அங்கிருந்து நியூயார்க் போகிறீர்கள் என்றால் சென்னையில் சிரித்துக்கொண்டே அனுப்பிய கால் கிலோ பாக்கெட்டைத் தோஹாவில் நிறுத்தலாம். அபுதாபி வழியாகப் போகிறவர்களுக்கு இன்னொரு விசேஷம்: அமெரிக்காவின் குடிநுழைவு, சுங்கச் சோதனை இரண்டும் அங்கேயே முடிந்துவிடும், ஆகவே கீழே நான் சொல்லப்போகிற "இறங்கும் கேள்வி"க்கும் விமானம் ஏறும் முன்பே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆஸ்திரேலியாவின் 350 மில்லி வரம்பு உப்பு, டால்கம் பவுடர் மாதிரிப் பொடிகளுக்குத்தான், அங்கிருந்து கிளம்பும்போது காபி, டீ மாதிரி உணவுப் பொடிகளுக்கு அளவு வரம்பு இல்லை. சோதிக்க வேண்டும் என்றால் சோதிப்பார்கள், அவ்வளவுதான்.

சிங்கப்பூர் சாங்கியில் முதல் மூன்று முனையங்களில் பாதுகாப்புச் சோதனை ஒவ்வொரு கேட்டின் வாசலிலும் நடக்கும். இது தெரியாமல் உள்ளே சூடாக ஒரு கோப்பி வாங்கிக்கொண்டு கேட்டுக்குப் போய், வாயில் வைக்கும் முன் குப்பைத்தொட்டியில் போட்டவர்கள் நிறைய. நின்று குடித்துவிட்டுப் போங்கள்.

கடையில் வாங்கும்போதே செய்ய வேண்டியது

என் யோசனை கொஞ்சம் வித்தியாசமானது: தூளாக அரைக்காமல் வறுத்த கொட்டையாகவே கைப்பையில் கொண்டுபோங்கள். கொட்டை பொடி இல்லை, 350 மில்லி வம்பே கிடையாது. ஸ்கேனரில் பார்த்தாலும் தனித்தனியாகத் தெரியும், பையைத் திறந்தால் யாருக்கும் ஒரே பார்வையில் புரியும். வாசனையும் தூளைவிட அதிக நாள் நிற்கும். போன இடத்தில் கையால் சுற்றுகிற சின்ன அரைவை இயந்திரம் வாங்கிக்கொள்ளலாம். சிக்கரி? அதை மட்டும் நூறு கிராம் தனிப் பாக்கெட்டாக எடுத்துப் போய், அரைக்கும்போது 80க்கு 20 என்றோ 70க்கு 30 என்றோ உங்கள் வீட்டு வழக்கப்படி கலந்துகொள்ளுங்கள். சிக்கரியே கூடாது என்கிற கட்சிக்காரர்களுக்கு அந்த வேலையும் மிச்சம்.

இல்லை, எனக்குத் தூள்தான் வேண்டும், தினமும் காலையில் அரைத்துக்கொண்டிருக்க முடியாது என்றால், கண் முன்னால் அரைத்துக் கொடுக்கும் கடைகளில் பிரவுன் பேப்பர் கவரில் போட்டு நூல் கட்டிக் கொடுப்பதை மட்டும் வாங்காதீர்கள். ஃபாயில் பாக்கெட்டில் போட்டு, சூட்டில் ஒட்டி, மேலே கடை லேபிள் ஒட்டித் தரச் சொல்லுங்கள், வெளிநாட்டுக்கு என்று சொன்னால் பல கடைகளில் அவர்களுக்கே தெரியும். லேபிளில் உள்ளே இருப்பது வறுத்து அரைத்த காபி, சிக்கரி இத்தனை சதவீதம் என்று ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். தமிழில் மட்டும் அச்சடித்த லேபிள் என்றால் நீங்களே ஒரு ஸ்டிக்கரில் ஆங்கிலத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். ஒரு கிலோ பாக்கெட் ஒன்றைவிட நூறு கிராம் பாக்கெட்டுகள் நல்லது. கைப்பையில் இரண்டு மூன்று, மீதி செக்-இன் பெட்டியில்.

அரைத்த அன்றே இறுக்கமாக ஒட்டிய தூளிலிருந்து வாயு வந்துகொண்டே இருக்கும், அது போதாதென்று மேலே போனதும் கேபினில் காற்றழுத்தம் குறையும், பாக்கெட் பூரி மாதிரி உப்பிவிடும். வெடிக்காது, ஆனால் ஒட்டிய இடம் பலவீனமாக இருந்தால் பிரியும். ஒட்டும் முன் காற்றை நன்றாக அழுத்தி வெளியேற்றச் சொல்லுங்கள், ஒற்றை வழி வால்வு வைத்த கவர் கிடைத்தால் இன்னும் நல்லது. அதன் மேல் ஒரு ஜிப்லாக் கவர். இது வாசனைக்கும் சேர்த்துத்தான். நமக்கு அது சொர்க்கம், பக்கத்து இருக்கைக்காரருக்குப் பத்து மணி நேரம் அப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது.

டீயில் இவ்வளவு கூத்து இல்லை. நீலகிரி டீயோ சிலோன் டீயோ, கடை பாக்கெட்டைப் பிரிக்காமல் அப்படியே வைத்துவிடுங்கள். அட்டைப்பெட்டி இடம் அடைக்கிறது என்று எடுத்துப் போட்டுவிட்டு வெள்ளைக் கவரில் கொட்டாதீர்கள். அது பின்னால் விளக்கம் சொல்ல வேண்டிய வேலையை வரவழைக்கும்.

பையில் எங்கே வைப்பது

மேலாக, கைக்கு எட்டுகிற இடத்தில். எக்ஸ்ரே திரையில் உணவு மாதிரி கரிமப் பொருள்கள் ஆரஞ்சு நிறத்தில் தெரியும், உலோகம் நீலத்தில் தெரியும். செங்கல் மாதிரி இறுகிய காபிப் பாக்கெட் அடர்ந்த ஆரஞ்சுக் கட்டியாகத் தெரியும்போது, அதன் மேல் சார்ஜர் வயரும் பவர் பேங்கும் கிடந்தால் திரையைப் பார்ப்பவர் என்ன நினைப்பார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். மின்சாதனங்களும் காபியும் வேறு வேறு அறையில் இருக்கட்டும். காபிப் பாக்கெட்டுகளை ஒரே துணிப்பையில் போட்டு வைத்தால் வரிசையில் நிற்கும்போது அப்படியே எடுத்துத் தட்டில் வைத்துவிடலாம். கேட்பதற்கு முன்பே தனித் தட்டில் வையுங்கள். அமெரிக்காவில் 350 மில்லிக்கு மேற்பட்ட பொடிக்கு அது விதி, மற்றபடி அது நேரம் மிச்சம்.

ஃபில்டரைக் கொண்டுபோகலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கொண்டுபோகலாம், பித்தளையோ எவர்சில்வரோ பிரச்சினை இல்லை, டவரா டம்ளரும் அப்படியே. ஆனால் இடம் மிச்சம் என்று ஃபில்டருக்குள் தூளை அடைக்காதீர்கள். ஓட்டை போட்ட உலோக உருளைக்குள் இறுக்கி அடைத்த பொடி, படமாக எப்படி இருக்கும்! காலியாக, இரண்டு அடுக்கையும் பிரித்து வையுங்கள். பாக்கெட் வெட்டுகிற கத்தரிக்கோலை மட்டும் கைப்பையில் வைக்க வேண்டாம்.

பையைத் திறக்கச் சொன்னால் பதறாதீர்கள், ஜோக்கும் அடிக்காதீர்கள். "காபித்தூள், வீட்டு உபயோகத்துக்கு" என்றால் போதும். அந்தத் துணித்துண்டுச் சோதனை வெடிமருந்துத் துகள் இருக்கிறதா என்று பார்க்கத்தான், ஒரு நிமிஷம்கூட ஆகாது. மிளகாய்த்தூள் காபிக்குப் பக்கத்தில் இருந்தால்தான் வம்பு, அதை நம் ஊர் விமான நிலையங்களிலேயே கைப்பையிலிருந்து எடுத்துவிடுவார்கள், அந்தச் சாக்கில் காபியும் கேள்விக்குள் வரும்.

மேலே போன பிறகு

விமானத்தில் சுடுதண்ணீர் கேட்டால் தருவார்கள். கூட்டமாக உணவு பரிமாறும் நேரத்திலும், விமானம் குலுங்கும்போதும் கேட்காதீர்கள். கேபினில் காற்றழுத்தம் ஏறக்குறைய ஊட்டியில் இருக்கிற அளவு இருக்கும், புது ரக விமானங்களில் அதைவிடக் கொஞ்சம் தேவலை. எட்டாயிரம் அடி உயரத்து அழுத்தத்தில் தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும், உங்கள் கைக்கு வரும்போது இன்னும் ஆறியிருக்கும். அதனால் டீ பேக்கை வழக்கத்தைவிட இரண்டு நிமிஷம் கூடுதலாக ஊறவிடுங்கள், அல்லது இரண்டு பேக் போடுங்கள். இன்ஸ்டன்ட் காபிக்கு இந்தக் கவலை இல்லை. 100 மில்லி புட்டியில் கெட்டி டிக்காஷன் வைத்திருந்தால் அதில் தாராளமாக இரண்டு மூன்று கப் வரும். ஃபில்டரை இருக்கையில் வைத்துக் காபி இறக்க ஆசைப்படாதீர்கள். ஒரு குலுக்கல் போதும், மடியெல்லாம் டிக்காஷன்.

இறங்கும்போது

உணவுப்பொருள் ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்று கேட்டால், காபித்தூள் உணவுப்பொருள்தான். ஆம் என்று சொல்லுங்கள். ஆம் என்று சொன்னவரிடமிருந்து பொருளை எடுத்துக்கொள்வதோடு பெரும்பாலும் முடியும், இல்லை என்று சொல்லிவிட்டு மாட்டினால்தான் அபராதம். அமெரிக்காவில் அது 10,000 டாலர் வரை போகலாம். நியூசிலாந்தில் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் தீட்டுவார்கள்.

அமெரிக்காவுக்கு வறுத்த காபி, சாதா டீ இரண்டும் போகலாம். ஏற்காட்டிலோ குடகிலோ சொந்தக்காரர் கொடுத்த பச்சைக் காபிக்கொட்டையும் போகலாம், ஹவாய்க்கும் போர்ட்டோ ரிக்கோவுக்கும் மட்டும் கூடாது, அங்கே காபித் தோட்டங்கள் இருக்கின்றன. எலுமிச்சை, நாரத்தை இன இலை கலந்த டீ கூடாது. கறிவேப்பிலையும் அதே கணக்கு, எலுமிச்சை இன மரங்களைத் தாக்கும் நோயைப் பரப்புகிற பூச்சி அதில் ஒட்டிக்கொண்டு வரும் என்ற பயம். பால்பொடி கலந்த மிக்ஸ் கடை லேபிளோடு பிரிக்காத பாக்கெட்டாக இருந்தால் அனுமதி உண்டு.

பிரிட்டன், ஐரோப்பிய நாடுகளில் நிலைமை வேறு. நம் நாட்டிலிருந்து பால், பால் பொருள்கள் கொண்டுபோகத் தடை இருக்கிறது, பால்பொடி கலந்த பாக்கெட்டை வைத்துக்கொண்டு இது டீயா பாலா என்று அங்கே பட்டிமன்றம் நடத்த வேண்டாம். வெறும் டீத்தூள் எடுத்துப் போங்கள், பால் அங்கே கிடைக்கும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் வறுத்த காபியும் சாதா டீயும் சொல்லிவிட்டுக் கொண்டுபோகலாம். பழத்துண்டு, தோல், விதை கலந்த மூலிகை டீயில்தான் கை வைப்பார்கள்.

வளைகுடா போகிறவர்களுக்குக் காபி டீயால் ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் அதே மளிகைக் கவரில் கசகசா இருக்கிறதா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள். குருமாவுக்கு என்று வைத்த ஐம்பது கிராம் கசகசா ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவுதியிலும் போதைப்பொருள் வழக்கு. இதில் பேச்சுக்கே இடமில்லை, பையில் வேண்டாம்.

சரி, வெளியே வந்தாகிவிட்டது. போய்ச் சேர்ந்ததும் கடைக்குப் போய்ப் பால் வாங்கும்போது கொழுப்பு எடுத்த பாலை எடுத்துவிடாதீர்கள், முழுக்கொழுப்புப் பால் என்று எழுதியிருப்பதை எடுங்கள். ஃபில்டரில் தூள் போட்டு மெதுவாக அழுத்தி, கொதித்த தண்ணீரை இரவே ஊற்றி வைத்துவிட்டுப் படுங்கள். ஜெட் லாக்கில் எப்படியும் அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும், டிக்காஷன் தயாராக இருக்கும்.